நெடும்பனியும் விதைக்கோதுமையும்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'அயல்நாட்டு இலக்கியங்களில் பருவம்' என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். பொருள் பெரிது, அளிக்கப்பட்ட நேரமோ சிறிது. ஆதலால் உலகப் பருவங்களை எல்லாம் ஒரு மாலைப் பொழுதில் சுற்றிவர நான் துணியவில்லை. ஒரே ஒரு பனிக்காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் டகோட்டாப் பகுதியில் 1880 அக்டோபரில் தொடங்கி 1881 ஏப்ரல் வரை நீடித்த கொடும்பனிக்காலம் அது. அதனை வைத்து இரண்டு நாவல்கள் எழுந்தன. ஒன்று, லோரா இங்கல்ஸ் வைல்டர் 1940இல் வெளியிட்ட 'தி லாங் விண்டர்'. மற்றொன்று, நார்வே நாட்டிலிருந்து குடியேறிய ஓலே ரோல்வாக் தம் தாய்மொழியில் 1924, 1925 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக எழுதி, 1927இல் 'ஜயன்ட்ஸ் இன் தி எர்த்' என ஆங்கிலத்தில் வந்த நாவல். முன்னதைப் பற்றியே மிகுதியும் பேசுவேன்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 'பனி' என்னும் சொல் நம் மொழியில் எத்தனை பாரத்தைச் சுமக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். புல்நுனியில் நிற்கும் துளி பனி. மார்கழி விடியலில் தெருவை மறைக்கும் மூட்டம் பனி. இமயத்தில் உறைந்து கிடப்பது பனி. கண்ணில் நிறையும் நீரும் பனி. பனித்தல் என்றால் நடுங்குதல். தொல்காப்பியர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தபோது இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயர் அமைந்தது. ஆயினும் வானத்திலிருந்து வெண்துகளாகப் பொழிந்து, கதவை மூடி, கூரையை அமுக்கி, மனிதரைக் கொல்லும் பொருளுக்கென்று நம்மிடம் தனிச்சொல் இல்லை. 1983க்குப் பின் கனடாவுக்குப் பெயர்ந்த ஈழத்தமிழர், 'ஸ்னோ கொட்டுது' என்று ஆங்கிலப் பெயரையும் தமிழ் வினையையும் இணைத்துத் தம் தேவையை முடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. கொட்டுதல் என்ற வினையில் அதன் எடை இருக்கிறது. நம் கவிஞர்களோ, 'வெண்பனி போர்வை விரித்தது' என்று எழுதி அமைகிறார்கள். போர்வை குளிர் போக்குவது என்பதைக்கூட அந்த உவமை மறந்துவிடுகிறது!

நான் பனிப்பொழிவைக் கண்ணால் கண்டவளில்லை. ஆண்டுதோறும் மின்விசிறியின் கீழ் வியர்த்துக்கொண்டு நெடுநல்வாடை நடத்துபவள். ஆகவே நான் சொல்லப்போவது நூல்வழி அறிந்ததே.

டகோட்டாவின் நிலஅமைப்பை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். மலையில்லை, காடில்லை, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை புல்வெளி. வடக்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க ஒரு மரமும் இல்லை. அங்கு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் நாற்பது பாகை வரை இறங்குவதுண்டு. நாற்பதில் மட்டும் செல்சியஸ் அளவும் பாரன்ஹீட் அளவும் ஒன்றாகிவிடுகின்றன என்பது ஒரு வேடிக்கை. அங்கே பனிப்புயல் என்பது, படங்களில் நாம் காணும் மெல்லிய வெண்பூக்கள் உதிர்வது போன்றதன்று. காற்று அந்தத் துகள்களை மாவாக அரைத்துக் கிடையாக வீசும். நீட்டிய கை தெரியாது. வீட்டிலிருந்து தொழுவத்திற்குப் போனவன் வழி தவறி, தன் வாசலுக்குச் சில அடி தொலைவிலேயே உறைந்து மடியலாம். அதனால் அப்புல்வெளிக் குடியானவர்கள் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையே கயிறு கட்டி, அதைப் பற்றிக்கொண்டு மாட்டுக்குத் தீனி வைக்கப் போவார்கள்.

இத்தகைய நிலத்துக்கு மக்கள் ஏன் போனார்கள்? 1862 மே மாதம் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியேற்ற நிலச்சட்டம் அவர்களை அழைத்தது. சிறு கட்டணம் செலுத்தி, 160 ஏக்கரைக் குறித்துக்கொண்டு, ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிரிட்டால் நிலம் உரிமையாகும். லோராவின் தந்தை சார்ல்ஸ் இங்கல்ஸ், டி ஸ்மெட் என்ற புதிய சிற்றூரின் அருகே அவ்வாறு நிலம் எடுத்தார். வீடு என்று சொல்ல இருந்தது மெல்லிய பலகைகளின்மேல் தார்த்தாள் ஒட்டிய குடில். மனைவி கரோலின், மேரி, லோரா, கேரி, கிரேஸ் என நான்கு பெண்மக்கள். மூத்தவள் மேரி 1879இல் நோயால் பார்வை இழந்தவள். லோராவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

நாவலின் தொடக்கத்தில் தந்தையும் மகளும் சதுப்பில் நீரெலி ஒன்று கட்டிய கூட்டைக் காண்கிறார்கள். அதன் சுவர் வழக்கத்தைவிடத் தடித்திருக்கிறது. அந்தச் சிற்றுயிர் அறிந்ததைத் தாம் அறியவில்லையே என்று தந்தை கலங்குகிறார். அக்டோபர் நடுவிலேயே முதற்புயல் வருகிறது. புயல் ஓய்ந்த காலையில் மாடுகள் தலைதாழ்த்தி அசையாமல் நிற்கின்றன. அவற்றின் மூச்சுக்காற்றே முகத்தைச் சுற்றிப் பனிக்கட்டியாக இறுகி, கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கிறது. சார்ல்ஸ் ஒவ்வொன்றின் முகத்திலிருந்தும் கட்டியை உடைத்து விடுவிக்கிறார். நாவலில் என்னை முதலில் நிறுத்திய இடம் இதுவே. தன் மூச்சே தன்னை அடைக்கும் என்பதை எந்த அலங்காரமும் இன்றி எழுதிச் செல்கிறார் ஆசிரியர்.

குடில் தாங்காது என்று கண்டு, ஊருக்குள் தாம் கட்டியிருந்த கடைக் கட்டடத்திற்குக் குடும்பத்தை மாற்றுகிறார். ஊரில் இரயில் இருக்கிறது, நிலக்கரி வரும், மாவு வரும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை எப்படி முறிந்தது என்பது கவனிக்கத்தக்கது. மேட்டுநிலத்தை வெட்டிப் பள்ளமாக்கி அதனூடே தண்டவாளம் போட்டிருந்தார்கள். காற்றுக்கு அந்தப் பள்ளங்கள் வாய் திறந்த குதிர்கள். ஒவ்வொரு புயலும் அவற்றை நிரப்பியது. ஆட்கள் நாட்கணக்கில் வெட்டி அள்ளிக் கரையில் குவிப்பார்கள். கரை உயர்ந்ததால் பள்ளம் இன்னும் ஆழமாகும். அடுத்த புயல் இன்னும் மிகுதியாக நிரப்பும். உழைப்பே தடையை வளர்த்தது. 1881 சனவரித் தொடக்கத்தில் வந்த வண்டியே கடைசி. அதன்பின் மே மாதத்தில்தான் இரயில் வந்தது.

நிலக்கரி தீர்ந்தது. விறகு வெட்ட மரமில்லை. இருந்தது உலர்புல் ஒன்றே. உலர்புல்லை அப்படியே அடுப்பிலிட்டால் நொடியில் பற்றி அடங்கிவிடும். ஆகவே கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, கயிறு திரிப்பதுபோல் முறுக்கி, இரண்டாக மடித்து மீண்டும் முறுக்கி, கட்டை போலாக்கி எரித்தார்கள். அந்தக் கட்டையும் விறகளவு நிற்காது. எனவே ஒருவர் மாற்றி ஒருவர் நாள் முழுதும் முறுக்க வேண்டும். உறைந்த புல்லின் விளிம்பு உள்ளங்கையை அறுக்கும். மாவு தீர்ந்ததும் கோதுமை மணியைக் காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கையியந்திரத்தில் இட்டு அரைத்தார்கள். நம் பாட்டிமார் வீட்டில் பலகையில் பொருத்தியிருந்த காப்பிக்கொட்டை மிஷினை நினைவுகூருங்கள். ஒரு முறை அரைத்தால் ஒரு கைப்பிடிக்குமேல் தேறாது. அறுவர் உண்ணும் ரொட்டிக்கு அதைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் தீர்ந்ததும், ஒரு பொத்தானைத் துணியில் பொதிந்து, துணியின் நுனியைத் திரியாக்கி, வண்டி அச்சுக்கு இடும் கொழுப்பில் அமிழ்த்தி விளக்கேற்றினாள் தாய். காப்பி இயந்திரமும் பொத்தான் விளக்கும் தாயின் அறிவில் பிறந்தவை என்பதை நாவல் தெளிவாகவே காட்டுகிறது. கணவர் புல் முறுக்கக் கண்டார்; மற்ற இரண்டும் அவளுடையவை. இதைச் சொல்லாமல் போனால் என்னை மேடைக்கு அழைத்ததில் பயனில்லை!

மேரியைப் பற்றி ஒன்று. பார்வையற்ற அப்பெண்ணுக்கு மற்றையோர் போல வெளியே சென்று உதவ இயலாது. ஆனால் முழங்காலிடையே இயந்திரத்தை இடுக்கிக்கொண்டு இருளிலும் அவளால் அரைக்க முடியும். ஒளி குறைந்த அந்த வீட்டில் அவளுடைய உழைப்பும் பிறருடையதும் சமமாகின்றன. இரக்கக் குறிப்பு ஏதும் சேர்க்காமல் ஆசிரியர் இதைச் சொல்லிச் செல்வது எனக்கு மிகவும் உவப்பானது.

இவ்விடத்தில் நெடுநல்வாடை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலாது. வாடைக் குளிரில் யாழின் நரம்பு நெகிழ்ந்து இசை திரிகிறது. ஆடல்மகளிர் அதைத் தம் மார்பின் வெம்மையில் அணைத்துப் பண்ணுக்கு மீட்கிறார்கள் என்கிறார் நக்கீரர். டகோட்டாவிலும் ஓர் இசைக்கருவி இருக்கிறது. சார்ல்ஸ் இங்கல்ஸின் பிடில், லோராவின் நாவல்கள் பலவற்றிலும் மாலைகளில் ஒலிப்பது. ஒரு நாள் அதை எடுக்கிறார். விரல்கள் நரம்பில் நிற்கவில்லை. குளிரும் வேலையும் அவற்றை வீங்கித் தடிக்கச் செய்துவிட்டன. பிடிலைப் பெட்டியில் வைத்துவிடுகிறார். நக்கீரர் காட்டும் குளிர் கருவியைக் கெடுத்தது. அதற்கு மாற்றும் அருகிலேயே இருந்தது. இங்கே கெட்டது கை. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில், அரண்மனை நகரையும் பலகை வீட்டையும் பாடிய இருவரும், குளிரின் கொடுமையைச் சொல்ல இசை நின்ற கணத்தையே தேர்ந்தார்கள் என்பது எனக்கு வியப்பு.

இனி விதைக்கோதுமைக்கு வருகிறேன். என் உரையின் நடுப்பொருள் இதுவே.

அந்த ஊரில் அல்மான்சோ வைல்டர் என்ற இளைஞர் தம் தமையனுடன் தீனிக்கடை ஒன்றில் குளிர்காலத்தைக் கழிக்கிறார். பிற்காலத்தில், 1885இல், லோராவை மணந்தவர் அவர். அடுத்த பருவத்துக்கான விதைக்கோதுமையை அவர் வைத்திருக்கிறார். ஊர் பசிக்கத் தொடங்குவதற்கு முன்பே, சுவருக்கு முன் இன்னொரு பலகைச் சுவர் எழுப்பி, இடைவெளியில் கோதுமையைக் கொட்டி மறைத்துவிடுகிறார். விதை போனால் ஓராண்டு விளைச்சல் போகும். குடியானவன் நெஞ்சை அறிந்தவர்க்கு இது புதிதன்று. நம் ஊர்களில் விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்தவர்கள், வயிறு காய்ந்தாலும் அதில் கை வைக்கமாட்டார்கள். அதனால்தானே, விருந்தினர்க்காக விதைத்தினையை உரலில் இட்ட மனைவியைப் புறநானூறு போற்றுகிறது? விதைத்த நெல்லையே மழையிருளில் வாரிவந்து அடியார்க்கு அமுதாக்கிய இளையான்குடி மாறனார் நாயனார் ஆனதும் அதனாலன்றோ!

ஒரு நாள் சார்ல்ஸ் இங்கல்ஸ் அந்தக் கடைக்குள் வருகிறார், கையில் வாளி. கடையின் வெளி அளவுக்கும் உள் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் எப்போதோ கணித்திருக்கிறார். ஒன்றும் கேட்காமல் சுவரருகே சென்று, பலகையில் இருந்த அடைப்பை உருவுகிறார். கோதுமை வாளியில் விழுகிறது. நிறைந்ததும் அடைப்பைச் செருகிவிட்டு விலை பேசுகிறார். விற்பனைக்கில்லை என்று அவர்கள் சொன்னபோதும், தாம் வாங்குவதாகவே சொல்லிப் பணம் கொடுக்கிறார். இது களவா, விலையா, உரிமையா? சொல்லால் முடிவு கட்ட இயலாத ஒரு செயலை ஆசிரியர் நம்முன் வைத்துவிட்டுப் போகிறார்.

அதனினும் ஆழமானது அடுத்தது. தெற்கே எங்கோ ஒருவர் கோதுமை விளைவித்து வைத்திருக்கிறார் என்று கேள்வி. இரண்டு புயல்களுக்கு இடையே கிடைத்த தெளிந்த நாளில், அல்மான்சோவும் கேப் கார்லண்ட் என்ற மற்றோர் இளைஞரும் குதிரைச் சறுக்குவண்டிகளில் புறப்படுகிறார்கள். சதுப்புப் புல்லின்மேல் பனி மூடிக் கிடப்பதால் அடியில் வெற்றிடம். குதிரைகள் மீண்டும் மீண்டும் உள்ளே விழுகின்றன. ஒவ்வொரு முறையும் வெட்டி வழிசெய்து ஏற்ற வேண்டும். அந்த மனிதரைக் கண்டுபிடிக்கிறார்கள். அவரிடம் இருப்பதும் விதைக்கோதுமையே. கொடுக்க மறுக்கிறார். புஷலுக்கு ஒன்றேகால் டாலர் வரை விலை ஏற்றி அவரை இணங்கச் செய்து கொண்டுவருகிறார்கள்.

தம் விதையைச் சுவருக்குள் மறைத்தவர், மற்றொருவர் விதையை விலைபேசி வாங்க உயிரைப் பணயம் வைத்துப் போகிறார்! ஊர் பசித்தால் இறுதியில் தம் சுவரைத்தான் தேடி வருவார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் போன உயிர் திரும்பாமலும் போயிருக்கலாம். வண்டிக்கூலி என்று ஒரு காசும் அவ்விருவரும் பெறவில்லை. வீரமும் தன்னலமும் ஈகையும் ஒரே மூட்டையில் இருக்கின்றன. மாறனாரைப் போல் ஒருவரை வைத்துப் பாடிவிடலாம். இந்த இளைஞரை அப்படிப் பாட முடியாது. நாவல் வேண்டும்.

கோதுமைக்கு முதலிட்ட கடைக்காரர் புஷல் மூன்று டாலர் என்கிறார். ஊர் கொதிக்கிறது. சார்ல்ஸ் இங்கல்ஸ் அமைதியாகப் பேசுகிறார்: பனிக்காலம் முடியும், அதன்பின்னும் கடை நடத்த வேண்டுமே, அப்போது எங்களை எண்ணிப்பாரும் என்பது அவர் பேச்சின் சாரம். கடைக்காரர் வாங்கிய விலைக்கே கொடுக்கிறார். யார்க்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்று பங்கிடப்படுகிறது.

இப்போது நூலின் மறுபக்கம். லோரா 1930 அளவில் 'பயனியர் கேர்ள்' என்ற தன்வரலாற்றை எழுதினார். அது அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், 2014இல்தான் அச்சேறியது. அதைப் படித்தால், அந்தப் பனிக்காலம் முழுதும் இங்கல்ஸ் வீட்டில் மாஸ்டர்ஸ் என்ற இளம் தம்பதியரும் அவர்கள் கைக்குழந்தையும் தங்கியிருந்தது தெரிகிறது. வேலையில் பங்கு கொள்ளாத விருந்தினர் அவர்கள். நாவலிலிருந்து அவர்களை ஆசிரியர் முற்றிலும் நீக்கிவிட்டார். கலை நோக்கில் சரியான முடிவே. தனித்த குடும்பத்தின் செறிவு அதனால் கிடைத்தது. ஆயினும் அதற்கொரு விலை உண்டு. நாவல்களைச் செப்பனிட்டதில் பெரும்பங்கு கொண்ட மகள் ரோஸ் வைல்டர் லேன், 1943இல் 'தி டிஸ்கவரி ஆஃப் ஃப்ரீடம்' எழுதி, அரசின் உதவி வேண்டாத் தனிமனித விடுதலையை முழங்கியவர். 'யார்க்கும் கடன்படாத குடும்பம்' என்ற படிமம் அவருக்கு உகந்தது. ஆனால் 160 ஏக்கரைக் கொடுத்தது அரசின் சட்டம். கோதுமை வந்தது பிறர் சுவரிலிருந்து. நல்லவேளையாக, நாவலின் மெய்யான காட்சிகள் அந்தக் கொள்கைக்கு அடங்கவில்லை.

நிலம் யாருடையது என்ற வினாவும் எஞ்சி நிற்கிறது. நாவலில் ஒரு முதியவர் கடைக்கு வந்து, ஏழு மாதம் பனி பெய்யும் என்று விரல் காட்டி எச்சரித்துவிட்டுப் போகிறார். அந்த மண்ணின் தொல்குடியைச் சேர்ந்தவர். அவருக்குப் பெயர் இல்லை. நிலச்சட்டம் வந்த அதே 1862ஆம் ஆண்டு திசம்பரில், மின்னசோட்டாவில் மாங்கேட்டோ என்னும் ஊரில் டகோட்டா இனத்தவர் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். எருமை மந்தைகள் அழிந்து, கனடாவில் பட்டினியால் வாடிய சிட்டிங் புல் என்னும் இலக்கோட்டாத் தலைவர், இருநூறுக்கும் குறைவான தம் மக்களோடு டகோட்டாப் பகுதியிலிருந்த ஃபோர்ட் புஃபோர்டில் சரணடைந்தது 1881 சூலை. டி ஸ்மெட்டுக்கு இரயில் வந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அப்பசியைச் சொல்ல நாவலில் ஒரு பக்கமும் இல்லை. 2018இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் சிறார் இலக்கிய விருதிலிருந்து லோராவின் பெயரை நீக்கியபோது பெரிய விவாதம் எழுந்தது. பெயரை நீக்கலாம், நூலை நீக்கலாகாது என்பதே என் கருத்து. பெயரற்ற அந்த முதியவரைத் தேடிப் போக வைப்பதும் இந்நூல்தானே.

ரோல்வாக்கைப் பற்றி இரண்டு சொல். அவர் நாவலின் முடிவும் அதே 1880, 81 பனிக்காலத்தில் நிகழ்கிறது. ஆனால் அங்கே குடும்பம் ஒன்றுபட்டு நிற்பதில்லை. பெரெத் என்ற மனைவிக்கு அந்த வெட்டவெளியே அச்சம். மாலையானால் சன்னலைத் துணியால் மூடுவாள். நோயுற்ற நண்பனுக்காகப் பாதிரியாரை அழைத்துவர, அவளுடைய வற்புறுத்தலால், கணவன் பெர் ஹான்சா பனிப்புயலுக்குள் சறுக்குக்கட்டைகளோடு போகிறான். மே மாதத்தில், பழைய வைக்கோற்போர் ஒன்றில் சாய்ந்து மேற்குநோக்கி உட்கார்ந்த நிலையில் அவன் உடலைக் காண்கிறார்கள். லோரா எழுதியது தப்பியவர்களின் கதை, இது தப்பாதவனுடையது. அயல்மண்ணில் வாழ்ந்துகொண்டு தாய்மொழியில் இதை அவர் எழுதினார் என்பதைப் புலம்பெயர்ந்த நம் எழுத்தாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நச்சினார்க்கினியர், தலைவிக்கு நெடிதாகவும், வினைமேற் சென்ற அரசனுக்கு நல்லதாகவும் அமைந்த வாடை என்று நெடுநல்வாடைக்குப் பெயர்க்காரணம் கூறுவார். 1881இன் பனிக்காலம் எவர்க்கு நெடிது என்பதில் ஐயமில்லை. நல்லதாக அமைந்தது எவர்க்கு என்பதை, இவ்விரு நாவல்களையும் படித்தபின் வரும் கூட்டமொன்றில் நீங்கள் பேச வேண்டும். கேட்க நான் வருவேன்.